பீரோவுக்குள் போகாத பரிசு

கேள்வி: எங்கள் ஊர் தங்கச்சிமடம், நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. இருவருக்கும் சர்க்கரை. கிறிஸ்துமஸுக்கு எதை வாங்கிப் போனாலும் ‘எதுக்கு வீண் செலவு’ என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். என்ன வாங்கலாம்?

பதில்: தினமும் புழங்கும் பொருளில் தேய்ந்தது எது என்று பாருங்கள். சர்க்கரை இருப்பதால் என் ஓட்டு எம்.சி.ஆர். செருப்புக்கு, அதாவது சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கென்று வரும் மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு. அளவு எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலையில் எடுத்தால், சாயங்காலம் கால் வீங்கும்போது வார் அழுத்தும். சர்க்கரையால் மரத்துப்போன காலில் புண் வந்தாலும் தெரியாது. மாலையில் நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் தாளில் பென்சிலால் வரைந்து வாங்குங்கள். பெரிய பாதம் எதுவோ அதற்கு, விரல் நுனிக்கு மேல் 1 செ.மீ. விட்டு எடுக்க வேண்டும். கட்டைவிரல் இடுக்கில் வார் போகும் மாடல் வேண்டாம். பின்வாரும் வெல்க்ரோவும் இருக்கட்டும். தோல் வாரும் வேண்டாம். மழை ஈரத்தில் பூஞ்சை பூக்கும், கடல் தண்ணீர் பட்டுக் காய்ந்தால் விறைக்கும். மணல் ஊராயிற்றே, போடுமுன் உதறச் சொல்லுங்கள்.

பிபி மெஷின் என்றால் மேல்கையின் சுற்றளவை முதலில் அளந்துகொள்ளுங்கள். பல மெஷின்களோடு வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். கை பருமனாக இருந்தால் பிபி கூடுதலாகக் காட்டும். அப்புறம் வீட்டில் வீண் கலவரம்.

அம்மாவுக்குச் சேலையா? நீங்கள் எடுக்காதீர்கள். டிசம்பர் முதல் வாரமே ராமநாதபுரம் கூட்டிப்போய் அவரையே எடுக்க விடுங்கள். பிந்தினால் ரவிக்கை தைக்க ஆள் கிடைக்காது. விலைச் சீட்டை மட்டும் முதலில் கிழித்துவிடுங்கள்.