தினமும் தேய்த்தும் பல்செட்டில் நாற்றம் போகவில்லையா?

தம் தாயாரின் முழுப் பல்செட்டைக் காலையும் இரவும் பற்பசை போட்டு அழுத்தித் தேய்த்தும் நாற்றம் அடிக்கிறது என்றும், செட்டைச் செய்து கொடுத்தவர் "கெட்டுவிட்டது, புதிதாகத்தான் செய்ய வேண்டும்" என்கிறார் என்றும் எழுதி, அது உண்மையா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நாற்றத்துக்காக மட்டும் பல்செட்டை மாற்ற வேண்டியதில்லை. விரிசல் விட்டிருந்தாலோ, தளர்ந்து ஆடினாலோ, ஈறில் புண் உண்டாக்கினாலோதான் அந்தப் பேச்சே எழ வேண்டும். அப்போதும்கூட, உட்புறத்தில் புதிய அடுக்கு ஏற்றிச் சரிசெய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். இதை விசாரிக்காமல் முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பல் மருத்துவப் படிப்பே இல்லாமல் செட் செய்து விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு வருமானம் செட்டிலிருந்து வருகிறதே தவிர, உங்கள் தாயாரின் வாயிலிருந்து அல்ல.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பற்பசையே. பல்செட்டின் இளஞ்சிவப்புப் பகுதி அக்ரிலிக்கால் ஆனது. அது இயற்கைப் பல்லின் எனாமலைவிட மிகவும் மென்மையானது. பற்பசையில் உள்ள துகள்கள் அதில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்க, அவற்றுக்குள் பாக்டீரியாவும் கேண்டிடா என்னும் பூஞ்சையும் குடியேறுகின்றன. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கக் கீறலும் கூடும், நாற்றமும் கூடும். பளபளப்பாக்கும் பவுடர்கள் இதைவிட மோசமானவை. யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

மென்மையான பிரஷும், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவமோ மிதமான சோப்போ போதும். கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன் மேல் பிடித்துத் தேய்த்தால் கை தவறினாலும் செட் உடையாது. ஈறைத் தொடும் உட்புறத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் அழுக்கு அதிகம். கொதிநீர் பட்டால் செட் வளைந்துவிடும். ஊற வைக்கும் மாத்திரை தேய்ப்பதற்கு மாற்று அல்ல. அதில் ஊறிய செட்டை நன்றாக அலசாமல் வாயில் வைக்கக் கூடாது. கெட்டியான காரை படிந்திருந்தால் ஊசியாலோ கத்தியாலோ சுரண்டாமல் மருத்துவரிடம் கொடுங்கள்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். காய்ந்தால் வடிவம் மாறும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பற்களைப் பிடுங்கிய அன்றே செட் பொருத்தப்பட்டவர்கள் முதல் 24 மணி நேரம் அதைக் கழற்றக் கூடாது. ஏனெனில் அது புண்ணின் மேல் கட்டாக அழுத்தி இரத்தக் கசிவைக் கட்டுப்படுத்துகிறது, இடையில் கழற்றினால் வீக்கத்தால் திரும்ப நுழையாமலும் போகலாம். மருத்துவரே முதலில் கழற்றிப் பார்த்து, எதுவரை இரவிலும் அணிவது என்று சொல்வார். அந்தச் சில நாள் விதியையே ஆண்டுக்கணக்கில் பின்பற்றி, செட்டோடு தூங்கி மேலண்ணம் சிவந்து வருபவர்கள் ஏராளம். செட்டைக் கையில் கொடுக்கும்போதே இதை விளக்க ஐந்து நிமிடம் ஒதுக்காத மருத்துவமனைகள்தான் இதற்குப் பொறுப்பு. அளவெடுக்கப் பல தடவை வரச் சொல்பவர்களுக்கு, கழுவக் கற்றுக்கொடுக்க மட்டும் நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செட்டைக் கழற்றியதும் தாயாரின் ஈறு, அண்ணம், நாக்கு ஆகியவற்றையும் மென்மையான பிரஷால் துடைத்துவிடுங்கள். அண்ணம் சிவந்திருந்தால், அல்லது இரண்டு வாரத்தில் நாற்றம் குறையாவிட்டால், செட்டுடன் தகுதி பெற்ற பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பூஞ்சைத் தொற்று இருந்தால் வாய்க்கு மருந்து கொடுப்பதுடன் செட்டையும் சேர்த்தே சுத்திகரிக்க வேண்டியிருக்கும்.