பேய்ப் படங்கள் ஒரு நாட்டின் வரலாற்றுக் காயத்தைப் பேசுகின்றன என்பது உண்மையா, விமர்சகர்கள் ஏற்றிச் சொல்வதா?

எல்லாப் பேய்ப் படத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் கொலை நடந்தது ஊருக்கே தெரிந்தும் யாருக்கும் தண்டனை கிடைக்காத நாடுகளில், பேய்க்கதை நீதிமன்றம் விட்ட வேலையைச் செய்கிறது என்றே நான் நம்புகிறேன்.

ஹய்ரோ புஸ்தமாந்தே 2019இல் எடுத்த குவாத்தமாலா படம் 'லா யொரோனா'வைப் பாருங்கள். அந்நாட்டில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர் மாயா பழங்குடிகள். 1982-83இல் ஆண்ட ஜெனரல் ரியோஸ் மொன்ட்டுக்கு இனப்படுகொலை உள்ளிட்ட குற்றங்களுக்காக 2013இல் 80 ஆண்டுச் சிறை விதித்தார்கள். பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018இல் அவர் இறந்துபோனார், மறுவிசாரணை முடியவேயில்லை.

படத்தில் வரும் ஜெனரலும் இப்படித்தான் தப்பிக்கிறார். வீட்டைச் சுற்றி, காணாமல் போனவர்களின் படங்களை ஏந்திய கூட்டம். உள்ளே, இரவில் ஒரு பெண்ணின் அழுகை அவர் காதில் விழுகிறது. அல்மா என்ற மாயா பெண் வேலைக்கு வந்து சேர்கிறாள்.

யொரோனா லத்தீன் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த பேய். காதலன் கைவிட்டதால் பெற்ற பிள்ளைகளைத் தானே ஆற்றில் மூழ்கடித்துவிட்டு அழுது திரிபவள் என்பது பழங்கதை. இந்தப் படத்தில் அல்மாவின் பிள்ளைகளை மூழ்கடிப்பது ராணுவம். தலைமுறைகளாகத் தாயின் தலையில் கிடந்த பழியை எடுத்து, உரியவர்கள் மேல் வைத்துவிட்டார் இயக்குநர்! அப்புறம், சாட்சி சொன்ன பெண்களை இழிவாகப் பேசிய ஜெனரலின் மனைவி, கனவில் அல்மாவாகவே மாறி, பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த நாளை வாழ்கிறாள். எனக்கு அழுகுரலைவிட அதிகம் நடுங்க வைத்தது அந்தக் கனவுதான்.

கியர்மோ டெல் டோரோவின் 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001) ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், ஓர் அனாதை விடுதியில் நடக்கிறது. முற்றத்தில் வெடிக்காத குண்டு நட்டுக்கொண்டு நிற்கிறது. ஆனால் பேயாக வரும் சிறுவனைக் கொன்றது அந்தக் குண்டு இல்லை, விடுதிக்குள்ளேயே வளர்ந்த ஒருவன். உள்நாட்டுப் போருக்கு இதைவிடப் பொருத்தமான கொலையாளி கிடைக்க மாட்டான். சிறுவனின் உடல் கிடப்பது நிலவறைத் தண்ணீர்த் தொட்டியில். 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டுப் பழசை மூடிய ஸ்பெயினில், படம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் போர்க்காலப் புதைகுழிகளை அறிவியல் முறையில் தோண்டும் பணியே தொடங்கியது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தத் தொட்டி வெறும் தொட்டியாகத் தெரியாது.

இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் 'லா யொரோனா'. ரியோஸ் மொன்ட் வழக்கின் விவரத்தை முதலில் படித்துவிட்டுப் பாருங்கள்.