வாசகர் கேள்வி – பதில்: பினாங்கிலிருந்து வந்த பழைய உறைகள்

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கில் லேவாதேவித் தொழில் செய்தவர். 1930களிலும் 1940களிலும் அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் உறைகளோடு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. தபால் தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து ஆல்பத்தில் ஒட்டும்படி உறவினர் சொல்கிறார். செய்யலாமா? உறைகளின் இருபுறமும் உள்ள முத்திரைகளுக்கு என்ன பொருள்? – வாசகி, காரைக்குடி

பதில்: தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள். குறைந்த மதிப்புள்ள மலாயாத் தபால் தலைகள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் உங்கள் ஐயா கைப்பட விலாசம் எழுதி, இரண்டு நாட்டு அஞ்சலகங்களும் முத்திரையிட்ட அந்த உறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

முன்புறத்தில், பாதி தபால் தலையிலும் பாதி உறையிலுமாக விழுந்திருப்பது புறப்பட்ட ஊரின் முத்திரை. அதில் ஊர்ப் பெயர், நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றோடு சில வேளைகளில் மணியும் இருக்கும். அந்த வட்டக் கோடு தபால் தலையின் விளிம்பைத் தாண்டி உறையிலும் தொடர்கிறதா என்று பாருங்கள். விளிம்போடு நின்றுவிட்டால், அந்தத் தலை பின்னாளில் யாரோ ஒட்டியதாக இருக்கலாம். பின்புறத்தில் இருப்பது பெரும்பாலும் வந்து சேர்ந்த ஊரின் முத்திரை. இடையில் ரயில்வே தபால் பிரிவின் 'ஆர்.எம்.எஸ்.' முத்திரையும் இருக்கக்கூடும். இரு தேதிகளுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால், பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் வந்துபோன ரஜூலா போன்ற கப்பல்களின் காலத்தில் ஒரு கடிதம் வீடு வந்து சேர எத்தனை நாள் பிடித்தது என்பது தெரிந்துவிடும்.

போர்க்கால உறைகளைத் தனியே எடுத்துப் பாருங்கள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் கடிதத் தணிக்கையும் வந்தது. உறையின் ஓரத்தை வெட்டிப் படித்துவிட்டு, தணிக்கையாளர் திறந்ததாக ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளால் மறுபடி ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாளைக் குப்பை என்று பிய்த்துவிடாதீர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைப் பிடித்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் வீழ்ந்தது. அந்த வாரங்களில் ஊரிலிருந்து பினாங்குக்கு அனுப்பிய கடிதம் ஏதேனும், சேவை நிறுத்தப்பட்டதாகக் குறிக்கப்பட்டுத் திரும்பி வந்திருந்தால், உங்கள் பெட்டியிலேயே மிக அரிய உறை அதுவாகத்தான் இருக்கும். போர் முடிந்தபின் வந்தவற்றில் 'பி.எம்.ஏ. மலாயா' என்று மேலச்சிட்ட தலைகளைக் காணலாம். அது பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகத்தைக் குறிக்கும்.

கேள்வி: முத்திரையில் ஆண்டு அழிந்துவிட்டால் காலத்தை எப்படி அறிவது? – வாசகர், மதுரை

பதில்: முதலில் பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து, செல்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத இலக்கம் பல நேரம் அதில் தெரியும். பின்புற முத்திரையில் ஆண்டு பிழைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டும் உதவாவிட்டால் தபால் தலையைக் கேளுங்கள். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் இருந்தால் கடிதம் 1937க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆயினும் பழைய தலைகள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்ததால், கடிதம் எவ்வளவு பிந்தியது என்பதைத் தலை சொல்லாது. இந்திய உறைகளில் 'நயா பைசா' தலை இருந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது என்று துணிந்து கொள்ளலாம்.

கேள்வி: உறைகளை லேமினேட் செய்து வைக்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. அந்தச் சூடும் பசையும் தாளை மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். செல்லோ டேப்பும் பழுப்புக் கறையை விட்டுச் செல்லும். அமிலமற்ற தாளிலோ பாலியெஸ்டர் உறையிலோ தனித்தனியாக வைத்து, மழைக்காலத்தில் ஈரம் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கடிதத்தை அதன் உறையிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தால், இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் சிறு சீட்டுகளில் எழுதி உடன் வையுங்கள். உறையின் மேல் எதையும் எழுத வேண்டாம்.