தஞ்சாவூர் நெல்லும் லண்டன் நாற்காலியும்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்காக பிரிட்டனின் 1832ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் மான்செஸ்டருக்கு நாடாளுமன்ற உறுப்பினரே இல்லை. ஆள் குடியிருக்காத ஓல்டு சாரம் மேட்டுக்கு இரண்டு பேர். இதை அந்த மக்கள் எப்படிச் சகித்தார்கள்? ஒரு துளி ரத்தம் சிந்தாமல் தங்களைத் திருத்திக்கொண்டதை நாம் பாராட்ட வேண்டாமா?

கே.

அன்புள்ள கே.,

எங்கே சகித்தார்கள்? 1819இல் மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுக் கூடியவர்கள்மேல் குதிரைப்படையை ஏவினார்கள். செத்தவர்கள் 15 பேராவது இருக்கும். 'ஒரு துளி ரத்தம்' என்று எழுதுவதற்கு முன் பீட்டர்லூ என்ற பெயரையாவது தேடியிருக்கலாம். கைடு புத்தகத்தைத் தாண்டிப் படியுங்கள் தம்பி. பாராட்டுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஆனால் ஓல்டு சாரம் என்று எழுதினீர்களே, அது என்னைக் கொஞ்ச நாளாகவே அரித்துக்கொண்டிருக்கும் விஷயம். 1691இல் அந்த மேட்டை விலைக்கு வாங்கிய தாமஸ் பிட், பிறகு சென்னைக் கோட்டைக்கு கவர்னராக வந்தவர். பேரன் மூத்த வில்லியம் பிட் அந்தத் தொகுதி வழியாகத்தான் நாடாளுமன்றம் போனார். சரி, அது குடும்பச் சொத்து. ஆற்காட்டுக் கதை இன்னும் மோசம். நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே கடன் வாங்கி, அதற்கு ஈடாக நிலவரி வசூலை எழுதிக்கொடுத்தார். அப்படிக் கடன் கொடுத்தவர்களில் ஒருவரான பால் பென்ஃபீல்டு தஞ்சாவூரில் அறுக்காத பயிருக்கே பாத்தியதை கொண்டாடினார். அவர்தான் 1780இல் கிரிக்லேடு தொகுதி உறுப்பினர். தன்னையும் சேர்த்து எட்டுப் பேரை அந்த ஆள் சபைக்குள் கொண்டுவந்தார் என்று சக உறுப்பினர் எட்மண்ட் பர்க் சபையிலேயே குற்றம்சாட்டினார். காவிரிக்கரைக் களத்தில் அளந்த நெல் அங்கே போய் ஓட்டாக மாறியிருக்கிறது. இதை உங்களுக்கு யாராவது சொன்னார்களா?

பர்க் அப்படிப் பேசியது 1785 பிப்ரவரியில். நவாபின் அந்தக் கடன்களைச் சரியாக விசாரிக்காமலே ஏற்றுக்கொண்ட பிரிட்டிஷ் அரசின் தலைவர் இளைய பிட், தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன். பதில் சொல்ல அவர் எழுந்திருக்கவே இல்லை. ஏப்ரலில் அதே பிட், தேய்ந்துபோன 36 தொகுதிகளை நஷ்டஈடு கொடுத்து ஒழிக்க ஒரு திட்டம் கொண்டுவந்து தோற்றார். தொகுதியை வைத்திருந்தவனுக்கு நஷ்டஈடு தரலாம் என்று அவருக்குத் தோன்றியது. தஞ்சாவூர்க் குடியானவன் நினைவுக்கு வரவில்லை.

உங்கள் தேர்வுக்கு 1832 போதும். நன்றாக எழுதுங்கள். முடிந்ததும் பர்க்கின் அந்த உரையைப் படித்துவிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள்.