சக்தாஹா எக்ஸ்பிரஸ்

கேள்வி: ஜூலன் கோஸ்வாமியின் பந்துவீச்சில் மறக்க முடியாதது எது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன், 2017 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வீசியதுதான். லண்டன் லார்ட்ஸ் மைதானம், எதிரே இங்கிலாந்து. சாரா டெய்லரைக் கீப்பர் கேட்ச்சில் அனுப்பினார். அடுத்த பந்திலேயே ஃபிரான் வில்சன் எல்பிடபிள்யூ! வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். 10 ஓவர், 23 ரன், 3 விக்கெட். அப்படி வீசியும் 9 ரன்னில் தோற்றோமே, அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.

1997-ல் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்கிப் போட்ட, மேற்கு வங்கத்தின் சக்தாஹா ஊர்ப் பெண் அவர்; ‘சக்தாஹா எக்ஸ்பிரஸ்’ என்ற பட்டப்பெயர் அதனால்தான். முதல் ஒருநாள் ஆட்டம் 2002-ல், நம் சென்னையில். ஒருநாள் ஆட்டங்களில் மொத்தம் 255 விக்கெட். உலகக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 2025-ல் ஹர்மன்பிரீத் தலைமையிலான இந்திய அணி வென்றதும் கோப்பையை ஜூலன் கையில் கொடுத்தார்கள். அழுதேவிட்டார்; நானும்தான்.