பல்சமய ஊழியர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? கேள்வி பதில்

இரண்டு மதத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடும் திருமணம், பெயர் சூட்டல், இறுதிச் சடங்கு ஆகியவற்றை முன்நின்று நடத்துபவர் பல்சமய ஊழியர். நான் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எல்லா மதச் சடங்கையும் செய்யும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

யாரும் கொடுக்கவில்லை. எங்களுக்குத் தனிப் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. ரப்பி (யூத மதகுரு) ஜோசப் கெல்பர்மன் 1979இல் நியூயார்க்கில் தொடங்கிய நியூ செமினரி அவற்றில் முன்னோடி. யோக குரு சுவாமி சச்சிதானந்தரும் அந்த முயற்சியில் இருந்தார். அங்கே தருவது அந்தப் பள்ளியின் பட்டம். அதை வாங்கியதால் ஒருவர் கத்தோலிக்கக் குருவாகவோ ரப்பியாகவோ ஆகிவிட மாட்டார். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லாத ஊழியரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண், அவர் இந்து. இரண்டு முறைத் திருமணத்தையும் ஒரே மேடையில் நீங்களே முடித்துத் தர முடியுமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். என்னிடம் வருமுன் உங்கள் பங்குக் குருவை, அதாவது உங்கள் பகுதி ஆலயத்தின் பாதிரியாரைப் பாருங்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவரை மணக்க, திருச்சபைச் சட்டம் 1086இன்படி விலக்கு, அதாவது தனி அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் திருச்சபையின் கணக்கில் உங்களுக்குத் திருமணமே நடக்கவில்லை. ஆலயத்துக்கு வெளியே, குருவோ அவருக்கு அடுத்த நிலையிலுள்ள திருத்தொண்டரோ முன்நிற்காமல் நடத்துவதென்றால் ஆயரிடம் (பிஷப்பிடம்) இன்னொரு விலக்கும் வேண்டும். இரண்டும் கிடைக்கக் கூடியவைதான், ஆனால் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

'அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மணச் சம்மதத்தை இன்னொரு மதச் சடங்கில் மறுபடி கொடுப்பதைச் சட்டம் 1127 தடுக்கிறது. குருவும் வேறு மதத்தவரும் ஒரே நேரத்தில் அவரவர் முறைப்படி சம்மதம் கேட்பதும் கூடாது. அதனால் சம்மதம் கேட்பது ஒரே இடத்தில், ஒரே ஒருவர்.

அப்புறம் எனக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. இரண்டு பக்க வாசகங்களையும் வேண்டுதல்களையும் பெரியவர்களோடு உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது, எது முன், எது பின் என்று வரிசைப்படுத்துவது, நடப்பது என்னவென்று மறுபக்கத்து உறவினருக்குச் சொல்வது. தீ வளர்த்து ஏழடி வைக்க வேண்டும் என்றால் மந்திரம் தெரிந்த புரோகிதரை அழைப்பேன். அது சம்மதச் சடங்காகக் கணக்கில் வருமா என்பதைப் பங்குக் குருவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். நானே மந்திரம் சொல்ல மாட்டேன். மனப்பாடம் செய்து ஒப்பிப்பது என்னைப் பொறுத்தவரை நடிப்புதான்.

கேள்வி: இஸ்லாத்தில் குருமாரே இல்லையே. அப்படியானால் நிக்காஹ்வை (முஸ்லிம் திருமணத்தை) நீங்கள் நடத்தலாம் அல்லவா?

குருத்துவம் இல்லை, நிபந்தனைகள் உண்டு. ஈஜாப், கபூல் எனப்படும் முன்மொழிவும் ஏற்பும், சாட்சிகள், மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர், பெரும்பாலான மரபுகளில் பெண்ணின் வலீ என்னும் பொறுப்பாளர். இவையெல்லாம் அமைந்தாலும் யார் யாரை மணக்கலாம் என்ற கேள்வி மீதி இருக்கும். முஸ்லிம் ஆண் கிறிஸ்தவ, யூதப் பெண்ணை மணக்க மரபு இடம் தருகிறது. முஸ்லிம் பெண் பிற மதத்தவரை மணப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. நான் நடத்திவிட்டு அதை நிக்காஹ் என்று சொன்னால் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

கேள்வி: குழந்தைக்கு வீட்டிலேயே திருமுழுக்குக் கொடுப்பீர்களா?

மாட்டேன். அவசரத்தில், சரியான நோக்கம் இருந்தால் யாரும் கொடுக்கலாம் என்று கத்தோலிக்கச் சட்டம் 861 சொல்வது உண்மைதான். அது உயிருக்கு ஆபத்தான நேரத்துக்கு வைத்த வழி. மாமியாரைச் சமாதானப்படுத்த அல்ல. குழந்தையை வரவேற்று ஆசீர்வதிக்கும் கூட்டம் வேண்டுமா, மகிழ்ச்சியாக வருகிறேன். அதற்குத் திருமுழுக்கு என்று பெயர் வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லா மதத்தையும் கலந்து கூழாக்குகிற வேலைதானே இது?

சில இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று சீக்கியத் திருமணத்தின் நான்கு லாவான் சுற்றை எடுத்து வேறெங்கோ ஒட்டச் சொன்னவர்கள் உண்டு. அது சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபைச் சுற்றி வருவது. நூலை எடுத்துவிட்டால் வெறும் நடைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

கேள்வி: இறந்தவர் முஸ்லிம், மனைவி கிறிஸ்தவர், பிள்ளைகளுக்கு எந்த மதமும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரே பிரார்த்தனை வைக்கலாமா?

இறந்தவர் எப்படி வாழ்ந்தாரோ அதற்கே முதலிடம். குளிப்பாட்டுவது, கஃபன் துணி இடுவது, ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை எல்லாம் அவருடைய சமூகத்தின் பொறுப்பு. தாமதிக்காமல் அடக்கம் செய்வதும் மரபு. சில நாள் கழித்து நினைவுக் கூட்டம் வையுங்கள். அங்கே மனைவி பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கட்டும், பிள்ளைகள் அப்பாவைப் பற்றிப் பேசட்டும். அதை நான் நடத்தித் தருகிறேன். இப்படி ஒரு அடக்கத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். எனக்கு அங்கே சடங்கு வேலை எதுவும் இல்லை. பின்வரிசையில் நின்று, விளங்காமல் விழித்த உறவினர்களுக்கு நடப்பதை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: நீங்கள் நடத்திய திருமணம் சட்டப்படி செல்லுமா?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மணமக்கள் திருமண உரிமம் வாங்கியிருந்தால் எங்கள் கையெழுத்து போதும். இங்கிலாந்தில் பதிவாளர் முன் தனியாகப் பதிய வேண்டும். எதற்கும் நாள் குறிப்பதற்கு முன் உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.