தீர்த்தன் ஆற்றில் டிரவுட்: மே கடைசியில் போகலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். பவானி ஆற்றிலும் ஊர்க் குளங்களிலும் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு. இந்தக் கோடை விடுமுறையில் 12 வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு இமாச்சலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றுக்கு டிரவுட் பிடிக்கப் போக ஆசை. 5 நாள் கிடைக்கும். மே கடைசி வாரம் டிக்கெட் போடலாமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: டிக்கெட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போடுங்கள். பையனுக்குப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் பின்பாதியிலோ மே முதல் வாரத்திலோ போவது நல்லது. மே கடைசியில் மேலே பனி வேகமாக உருகும். ஆறு பெருகி, வெளுத்த கலங்கல் நிறத்தில் ஓடும். டிரவுட் கண்ணால் பார்த்து இரை எடுக்கிற மீன். கலங்கலில் உங்கள் இரை அதன் மூக்கருகே போனாலும் தெரியாது. ஜூலை, ஆகஸ்ட் மழை மாதங்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2023 ஜூலை வெள்ளத்தில் குலு மாவட்டத்தில் சாலைகளே அடித்துக்கொண்டு போயின. செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் அருமையான காலம், ஆனால் பள்ளிக்கூடம் விடாது. நவம்பர் முதல் பிப்ரவரி முடிய டிரவுட் பிடிக்கத் தடை. பிரவுன் டிரவுட் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடுகிற காலம் அது.

எப்படியும் மே கடைசியில்தான் முடியும் என்றால், விடியற்காலையை மட்டும் நம்புங்கள். பகல் வெயிலில் உருகிய பனி பிற்பகலில் ஆற்றை ஏற்றிவிடும், இரவுக் குளிரில் வரத்து குறையும். காலை 10 மணி வரை தூண்டில், அப்புறம் பையனோடு காட்டு நடை என்று வைத்துக்கொள்ளலாம்.

டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, ஔட் சுரங்கப் பாதைக்கு முன்னால் இறங்க வேண்டும். இதை நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள். தூங்கிவிட்டால் சுரங்கத்தைத் தாண்டி குலுவில்தான் கண் விழிப்பீர்கள். ஔட்டிலிருந்து பஞ்சார் ஊர் சுமார் 30 கிலோமீட்டர், தீர்த்தன் கரையில் உள்ள குஷைனி இன்னும் 10 கிலோமீட்டர். வாடகை கார் கிடைக்கும். போக வர 2 நாள் போனால், ஆற்றோடு 3 நாள் கிடைக்கும். முதல் தடவைக்கு அது போதும். மணாலியையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

மாநில மீன்வளத் துறையின் உரிமச் சீட்டு இல்லாமல் தூண்டில் கோலை விரிக்கக் கூடாது. எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த அளவுக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டிச் சொன்னால் சீட்டுக்கும் உள்ளூர் வழிகாட்டிக்கும் ஏற்பாடு செய்வார். முதல் நாளாவது வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மடுவில் மீன் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பவானியில் போடுகிற கனமான தங்கூஸ், பெரிய முள், ஈயக்குண்டு எதுவும் இங்கே உதவாது. 6 அல்லது 7 அடி மெல்லிய கோல், சிறிய ரீல், 4 முதல் 6 பவுண்டு தங்கூஸ், சுழலும் தகடு வைத்த சின்ன ஸ்பின்னர் நாலைந்து இருந்தால் போதும். பூச்சி மாதிரிக் கட்டிய லேசான போலி இரையை வீசிப் பிடிக்கும் ஃப்ளை தூண்டிலை இந்தப் பயணத்தில் கற்றுக்கொள்ள முயல வேண்டாம், 3 நாளும் நூல் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். முள் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நீட்டும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள், மீனை விடுவது சுலபம். கோல், முள் இரண்டும் விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். கண் கூசாத போலரைஸ்டு கண்ணாடி ஒன்று வாங்குங்கள், தண்ணீருக்குள் பார்க்க அதைவிட நல்ல துணை இல்லை.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய பாறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீர் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் ஒரு அமைதியான பட்டை தெரியும். அதில் கல்லோடு கல்லாக ஒரு பழுப்பு நிழல், வால் மட்டும் லேசாக ஆடும். அதுதான் பிரவுன் டிரவுட். நீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும். ஆகவே கீழ்ப்புறமிருந்து, குனிந்து, உங்கள் நிழல் நீரில் விழாதபடி நெருங்குங்கள். ஸ்பின்னரை அதற்கு மேற்புறம் இரண்டு மூன்று அடி தள்ளிப் போட்டு, நீரோட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுருட்டுங்கள். நம் குளத்தில் தக்கையைப் பார்த்து உட்காருகிற மாதிரி ஒரே இடத்தில் காத்திருக்காதீர்கள். நாலைந்து வீச்சில் எடுக்கவில்லை என்றால் அடுத்த பாறைக்கு நடங்கள்.

பையனைப் பற்றி ஒன்று. தீர்த்தனின் கற்கள் வழவழப்பானவை, தண்ணீரின் குளிர் காலை மரக்கவைக்கும். அவனை முழங்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள், உயிர்காப்பு அங்கி போட்டுவிடுங்கள். தீர்த்தனில் அணை கிடையாது. ஆனால் அது லார்ஜி அருகே பியாஸ் ஆற்றில் சேருகிறது, அங்கே அணை உண்டு. 2014 ஜூன் 8 அன்று அந்த அணையிலிருந்து திடீரென்று திறந்துவிட்ட நீரில், கீழே தலோட் அருகே படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். வழியில் காரை நிறுத்தி பியாஸ் கரையில் இறங்கவே இறங்காதீர்கள்.

சாப்பிடுவதற்கு மீன் வேண்டுமென்றால் பள்ளத்தாக்கிலேயே டிரவுட் பண்ணைகள் இருக்கின்றன, வாங்கி வறுத்துத் தரச் சொல்லுங்கள். ஆற்று மீனை, உரிமம் அனுமதித்தாலும், விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். உலர்ந்த கையால் தொட்டால் அதன் மேலுள்ள வழவழப்புப் பூச்சு போய் நோய் பிடிக்கலாம். முதலில் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் முள்ளைக் கழற்றி, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி வயிற்றுக்கடியில் ஏந்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வாலை ஒரு உதறு உதறி அதுவாகவே போகும். அந்த வேலையைப் பையன் கையில் கொடுங்கள்.